வருஷம் முழுக்க வெயிலா, குளிரா? புதுச்சேரிக்காரர்கள் 1962-ல் போட்ட கையெழுத்து

"ஆயுசு முழுக்க வெயில் மட்டும்தான், இல்லைன்னா ஆயுசு முழுக்க குளிர் மட்டும்தான். ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோ." நாலு பேர் கூடும் இடத்தில் பொழுதுபோகக் கேட்கிற கேள்வி இது. பதில் எதுவானாலும் யாருக்கும் நஷ்டமில்லை. டீ குடித்துவிட்டுக் கலைந்து விடலாம்.

புதுச்சேரியில் இது அவ்வளவு லேசான கேள்வி அல்ல. 1962-63ல் சுமார் 5,000 பேர் இதற்குக் கிட்டத்தட்ட கையெழுத்துப் போட்டே பதில் சொன்னார்கள். 'கிட்டத்தட்ட' என்பதற்குக் காரணம், அவர்கள் கையெழுத்திட்ட மனுவில் வெயில், குளிர் என்ற பேச்சே இல்லை. அதில் இருந்தது குடியுரிமை மட்டும். குளிர் பின்னால் வந்து சேர்ந்தது.

ஆறு மாதக் கெடு

புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கையும் இந்தியாவோடு சேர்ப்பதா என்று 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்த 178 பிரதிநிதிகளில் 170 பேர் 'சேரலாம்' என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படி ஊர் கைமாற மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானாலும், பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்து ஆவணங்கள் பரிமாறப்பட்டது 1962 ஆகஸ்ட் 16-ல்தான்.

அன்று முதல் ஆறு மாதம் ஒரு கெடு ஓடியது. இந்த நான்கு ஊர்களில் பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் எல்லோரும் தானாகவே இந்தியக் குடிமக்கள். 'எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும்' என்பவர்கள் 1963 பிப்ரவரி நடுப்பகுதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு நாட்டில் குடியிருந்தவர்களுக்கு விதி தலைகீழ். அவர்கள் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரர்கள். இந்தியா வேண்டுமென்றால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் சைகோனிலும் தம்பி முத்தியால்பேட்டையிலும் இருந்தால், அண்ணன் சும்மா இருந்தே பிரெஞ்சுக்காரர் ஆனார், தம்பி சும்மா இருந்தே இந்தியர் ஆனார்.

எழுதிக் கொடுத்தவர்கள் யார்? பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள், அதாவது ஊர் வழக்கில் 'சொல்தா'க்கள். பிரெஞ்சு அரசு உத்தியோகம் பார்த்தவர்கள். 1881-ம் ஆண்டு ஆணையின்படி தங்கள் சாதி, மத வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்ட 'ரெனோன்சான்' குடும்பங்களின் வாரிசுகள். பென்ஷன், பிள்ளைகளின் படிப்பு, வேலை என எல்லாக் கணக்கும் அதில் இருந்தது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், இவர்கள் பிறந்த தெருவிலேயே சட்டப்படி வெளிநாட்டவர் ஆனார்கள். மறுபக்கம், கெடு முடிந்த பிறகு விஷயம் தெரிந்து கையைப் பிசைந்தவர்களும் உண்டு. 'அப்பா அன்னைக்கு ஒரு கையெழுத்து போட்டிருந்தா...' என்று தொடங்கும் புலம்பலை இன்றும் புதுச்சேரிக் கல்யாண வீடுகளில் கேட்கலாம்.

அதுவரை 'பிரெஞ்சு' என்றாலும் வெயில்தான்

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1962-க்கு முந்தைய தலைமுறைக்கு, பிரெஞ்சுக்காரர் என்ற காகிதத்தோடு குளிர் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு புதுச்சேரிக்காரர்கள் பெரும்பாலும் போனது சைகோனுக்கு. அங்கே போலீஸ், சுங்கம், வரி வசூல், அலுவலகம் என்று வேலை பார்த்தார்கள். ரெயூனியோன், மடகாஸ்கர் என்று போனவர்களும் உண்டு. மூன்றும் தென்னை வளரும் பூமி. சைகோனிலும் வேட்டி கட்டலாம், துணி அரை மணியில் காயும், மழைக்கு மட்டும் குடை வேண்டும்.

பிறகு சாம்ராஜ்யம் சுருங்கியது. 1954-ல் இந்தோசீனப் போர் முடிந்தது. 1960-ல் மடகாஸ்கர் விடுதலை பெற்றது. 1962 ஜூலையில் அல்ஜீரியாவும் போனது. புதுச்சேரியில் அந்த ஆறு மாதக் கெடு தொடங்கியது அதற்கு அடுத்த மாதம். அதாவது, பிரெஞ்சுக் குடியுரிமை என்றால் இனி ரெயூனியோன் போன்ற சில தீவுகள் நீங்கலாக ஐரோப்பாவில் இருக்கும் பிரான்ஸ்தான் என்று ஆகிவிட்ட சமயத்தில் மனு எழுதப்பட்டது. எழுதியவர்களில் பலருக்கு நினைவில் இருந்த பிரான்ஸ் சைகோன். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கிடைத்த பிரான்ஸ் பாரிஸ் புறநகரின் ஜனவரி.

அந்த ஜனவரிக்கு ஏற்ற சொல் கூடத் தமிழில் தனியாக இல்லை. நம் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இதில் இரண்டு பொழுது பனிக்கே போகிறது. ஆனால் அந்தப் பனி, மார்கழி விடியலில் கோலத்தை ஈரமாக்கும் பனி. கூரையை மூடி, ரயிலை நிறுத்தும் வெள்ளைச் சமாச்சாரத்துக்கும் அதே சொல்லைத்தான் நீட்டி வைத்திருக்கிறோம். 'இங்கே பனி' என்று பாரிஸிலிருந்து வந்த கடிதத்தைப் படித்த அம்மா, 'காதுல மஃப்ளர் கட்டிக்கோ' என்று பதில் எழுதியிருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டு ஊர், இரண்டு வானம்

புதுச்சேரி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 12 டிகிரியில் இருக்கிறது. பாரிஸ் ஏறக்குறைய 49 டிகிரியில். பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் பருவங்களே உண்டாகின்றன; அந்தச் சாய்வின் விளைவு துருவத்தை நோக்கிப் போகப் போகக் கூடும். புதுச்சேரியில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டியும், உச்சந்தலைக்கு நேராக நிற்கிறது. அந்த நண்பகலில் கொடிக்கம்பத்துக்கு நிழலே விழாது. ஆண்டிலேயே குறைந்த பகல் டிசம்பரில். அதுவே ஏறக்குறைய 11.5 மணி நேரம். பாரிஸில் அதே நாளில் பகல் சுமார் 8.25 மணி நேரம். காலை வேலைக்குப் போகும்போதும் இருட்டு, மாலை திரும்பும்போதும் இருட்டு.

வெப்பமானியில் பார்த்தால், புதுச்சேரியின் ஆண்டுச் சராசரி சுமார் 28 டிகிரி செல்சியஸ். பாரிஸில் சுமார் 12. மே மாதப் புதுச்சேரியில் சராசரி உச்ச வெப்பம் 37-ஐ ஒட்டி இருக்கும். ஜனவரி இரவிலும் பொதுவாக 20-க்குக் கீழே அதிகம் இறங்காது. ஆக, 'வருஷம் முழுக்க கோடை' என்பது புதுச்சேரிக்காரருக்குக் கற்பனை இல்லை. மழைக்காலத்தை நடுவில் செருகினால் அதுதான் அவருடைய காலண்டர்.

ஏப்ரலில் தலைக்கு மேல் சூரியன் என்றால் கத்திரி ஏன் மே மாதம்? தரை சூடேற நாளாகும் என்பது ஒரு காரணம். கடற்காற்று இன்னொன்று. மே, ஜூனில் மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுத்து, கடற்காற்றை உள்ளே விடாமல் தடுக்கிறது. மதியம் 12 மணிக்கு வரவேண்டிய காற்று 3 மணிக்கு வந்தால் அன்றைக்கு ஊர் வெந்துவிடும். 'இன்னைக்குக் காத்து எப்போ திரும்புச்சு?' என்று கடற்கரைச் சாலைப் பெரியவர்கள் கேட்பது இதைத்தான்.

உடம்பு எந்தப் பக்கம்?

ஆடையில்லாமல், வேலை எதுவும் செய்யாமல் இருக்கும் மனித உடம்பு நடுங்காமலும் வியர்க்காமலும் இருக்கக்கூடிய சூடு ஏறக்குறைய 28 டிகிரி. புதுச்சேரியின் ஆண்டுச் சராசரியும் அதே எண் என்பது தற்செயல்தான். ஆனாலும் மனித இனம் ஆப்பிரிக்க வெயிலில் உருவானது என்பதை அது ஞாபகப்படுத்துகிறது. குளிர்நாட்டுக்குப் போக உடம்பு பெரிதாக மாறவில்லை, சட்டை கண்டுபிடித்தோம். துணியில் வாழும் பேன், தலைப்பேனிலிருந்து எப்போது பிரிந்தது என்று மரபணுவை வைத்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள், ஆடை அணியும் பழக்கம் சுமார் 1,70,000 ஆண்டுகள் பழையதாக இருக்கலாம் என்கிறார்கள். சான்று சொல்லப் பேனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது!

வெயிலுக்கு உடம்பிடம் இருக்கும் பெரிய ஆயுதம் வியர்வை. அது ஆவியாகிப் போகும்போதுதான் சூட்டையும் எடுத்துப் போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். காற்றில் ஈரம் அதிகமான மழைக்காலத்தில் பானைத் தண்ணீர் சரியாகக் குளிராது. அதே கதி உடம்புக்கும். இதை அளப்பதற்குத்தான் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, அதாவது ஈரக்குமிழ் வெப்பநிலை. டெல்லியில் 42 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 24 காட்டும். புதுச்சேரியில் வெறும் 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அது 29-ஐத் தாண்டும். 'டெல்லியில 42-ஆம், நமக்கு 34-தானே' என்று ஆறுதல்பட இடமில்லை. வேர்த்துக் கொட்டியும் உடம்பு ஆறாமல் கசகசவென்று இருப்பது அதனால்தான்.

ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்பது 2010-ல் முன்வைக்கப்பட்ட கணக்கு. 2022-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, ஈரமான காற்றில் சுமார் 31 டிகிரியிலேயே உடம்பின் உள்சூடு கட்டுமீறி ஏறத் தொடங்கியது. கொளுத்து வேலை, மூட்டை வேலை செய்பவருக்கு எல்லை இன்னும் கீழே.

அப்படியானால் குளிர்தான் பத்திரமா? எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. 13 நாடுகளில் 7.4 கோடிக்கும் மேற்பட்ட மரணங்களை அலசிய ஓர் ஆய்வு 2015-ல் 'லான்செட்' இதழில் வந்தது. அதில் குளிரோடு தொடர்புள்ள மரணங்கள் 7.29 சதவீதம், வெயிலோடு தொடர்புள்ளவை 0.42 சதவீதம். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறுகிறது, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன, சளிக் காய்ச்சல் பரவுகிறது. அந்த 13 நாடுகளில் இந்தியாவும் இல்லை, பிரான்ஸும் இல்லை. ஆனால் இந்திய மரணங்களை வைத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்விலும் கடும் வெயிலைவிட மிதமான குளிரின் பங்கே பெரிதாக இருந்தது.

இந்த எண்களைப் பார்த்து 'வெயில் ஒண்ணும் பண்ணாது' என்று முடிவு கட்டுவது தப்பு. வெயிலில் மயங்கி விழுந்தவரின் சாவு பெரும்பாலும் 'மாரடைப்பு' என்றே பதிவாகிறது. தவிர, குளிர் ஆள்களை மெதுவாக, மாதக் கணக்கில் எடுக்கிறது. வெயில் அலை மூன்று நாளில் எடுத்துவிடுகிறது.

வீடுதான் தீர்மானிக்கிறது

மூன்று நாளில் எடுக்கும் என்பதற்குச் சாட்சி பாரிஸே. 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் வெயில் அலைக்கு ஏறத்தாழ 15,000 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். பிள்ளைகள் கோடை விடுமுறைக்குப் போயிருந்தார்கள். பாரிஸின் பழைய கட்டடங்களில் துத்தநாகத் தகடு போட்ட கூரைக்கு அடியில், மேல் மாடியில் ஒற்றை அறை. குளிர்காலச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும் வீடு, ஆகஸ்டிலும் அதையே செய்தது. 2004-லிருந்து அங்கே வெயில் அலைக்கென்று தனித் திட்டம் இருக்கிறது. ஆனாலும் 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி பதிவானது. புதுச்சேரியின் சராசரி மே மாத மதியத்தைவிட ஐந்து டிகிரிக்கும் மேல் அதிகம். குளிரைத் தேடிப் போனவர்களை வெயில் பின்னாலேயே போய்ப் பிடித்துக்கொண்டது.

புதுச்சேரியின் பழைய வீடுகள் இதற்கு நேர்மாறு. தமிழர் பகுதியில் திண்ணை, தாழ்வாரம், முற்றம். பிரெஞ்சுப் பகுதியில் தடித்த சுவர், உயரமான உத்தரம், பலகைச் சன்னல். இரண்டும் வெயிலை வாசலிலேயே நிறுத்தி, காற்றை மட்டும் உள்ளே கூப்பிடும் வித்தை. புதுச்சேரியில் வளர்ந்து நார்வேயின் ஓஸ்லோவில் வாழும் பிரெஞ்சு மொழி எழுத்தாளர் அரி கோத்தியே, குருசுக்குப்பத்தைக் களமாகக் கொண்ட தன் நாவலுக்கு 'திண்ணை' என்றே பெயர் வைத்திருக்கிறார். ஓஸ்லோவில் எதற்குத் திண்ணை? ஆனால் குருசுக்குப்பத்திலும் திண்ணைகள் ஒவ்வொன்றாகக் கடையாகவும் பைக் நிறுத்தும் இடமாகவும் மாறிவிட்டன. இப்போது எழும்புவது தாழ்ந்த கான்கிரீட் தளமும் ஏ.சி.யும். ஏ.சி. உள்ளறையைக் குளிர்வித்து, எடுத்த சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. தெருவில் இருப்பவர் அதையும் சேர்த்துத் தாங்க வேண்டும்.

ஏழைக்கு எது சுலபம் என்று கேட்டால் நீண்ட காலம் பதில் வெயில்தான். மார்கழியிலும் புதுச்சேரியில் வாசலில் பாய் விரித்துப் படுக்கலாம். பாரிஸில் வீடில்லாதவருக்கு ஜனவரி இரவு உயிர்ப் பிரச்சினை. ஹீட்டர், கம்பளி, பூட்ஸ், மூடிய பிளாட் என்று குளிருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, வெயிலுக்கு இல்லை. அல்லது இல்லாமல் இருந்தது. இரவும் சூடாகவே இருக்கும் மே மாதத்தில், ஏ.சி. இல்லாத தகரக் கூரை வீட்டில் தூங்க முடியாதவர் மறுநாள் தூக்கம் கெட்ட உடம்போடுதான் வேலைக்குப் போகிறார்.

இன்னொரு பக்கம் வெளிச்சம். பாரிஸ் இருக்கும் அட்சரேகையில் குளிர்கால வெயில் உடம்பில் வைட்டமின் டி உண்டாக்கப் போதாது. நம் கறுப்புத் தோலுக்கு இன்னும் கூடுதல் வெயில் தேவை. பகல் குறையும் மாதங்களில் மனசு சோர்ந்துபோவதைப் பருவகால மனச்சோர்வு என்று 1984-ல் மருத்துவர்கள் பெயரிட்டு விவரித்தார்கள். ஊரை விட்டுப் போனவரின் ஏக்கம் எது, வெளிச்சம் இல்லாத சோர்வு எது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். பாரிஸில் மாணிக்க விநாயகர் கோயில் தேர் ஆகஸ்ட் கடைசியை ஒட்டி, வெயில் இருக்கும்போதே ஓடிவிடுகிறது. தைப்பூசத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

12-ல் 9 போனால்

அன்று கையெழுத்துப் போட்டவர்களில் பலர் புதுச்சேரியிலேயே இருந்துவிட்டார்கள். பிரெஞ்சு பென்ஷன், புதுச்சேரி வெயில். இன்றும் ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலை போர் நினைவிடத்தில் முன்னாள் படைவீரர்கள் பதக்கம் அணிந்து கூடுகிறார்கள். பிரெஞ்சுத் தேர்தலுக்கு இங்கேயே வாக்குப் பதிவு நடக்கிறது. ராணுவ பென்ஷனோ, உழைத்துச் சம்பாதித்த பென்ஷனோ எந்த நாட்டிலிருந்தும் வாங்கலாம். 'உயிரோடு இருக்கிறேன்' என்ற சான்றை மட்டும் காலாகாலத்தில் அனுப்ப வேண்டும்.

பிரான்ஸிலேயே முதுமை அடைந்தவர்களுக்குத்தான் சிக்கல். வேலைக் காலம் குறைவு, பென்ஷன் போதாது என்ற நிலையில் இருக்கும் 65 வயதுக்காரர்களுக்கு அந்த அரசு ஒரு குறைந்தபட்ச முதியோர் உதவித்தொகை தருகிறது. அதை வாங்க பிரான்ஸில் ஆண்டுக்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்கியிருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2023 செப்டம்பரிலிருந்து அது ஒன்பது மாதமாகிவிட்டது. வசதியான பென்ஷன்காரர் குளிர் முழுவதையும் புதுச்சேரியிலும், வெயில் முழுவதையும் பிரான்ஸிலும் கழித்து இரண்டிலிருந்தும் தப்பலாம். வசதி இல்லாதவருக்கு அரையாண்டு போய், மூன்று மாதத்துக்குள்தான் சொந்த ஊர். பெரும்பாலும் அவர்கள் எடுப்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. கிறிஸ்துமஸ், பொங்கல், கல்யாண முகூர்த்தம் எல்லாம் அதற்குள் அடங்கும். விமான டிக்கெட் விலை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான்.

அதனால் டிக்கெட் மலிவான ஏப்ரல், மே மாதங்களில் வருபவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. வெயிலுக்குப் பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பும் குறைவாகவே போகும். இந்தப் பழக்கம் வர ஒன்று, இரண்டு வாரம் ஆகும். வெயிலை விட்டு விலகிய சில வாரங்களில் அது போயும்விடும். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர் என்றாலும், பாரிஸ் குளிரிலிருந்து நேராக வந்து இறங்கும் 70 வயது உடம்புக்கு அந்தப் பழைய பழக்கம் நினைவிருக்காது. ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் அளவு பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். வந்த முதல் இரண்டு வாரம் காலை 11 மணிக்குள் வெளிவேலையை முடித்துக்கொண்டு, தாகம் எடுக்கக் காத்திராமல் தண்ணீரோ மோரோ குடித்து, காற்று திரும்பிய பிறகு கடற்கரைக்குப் போகலாம்.